அக்காவுக்கு நீ கொடுத்தது

அருண்,

இந்த வாரத்தில் உன்னை மூன்று தடவை போனில் கூப்பிட்டேன். மூன்று தடவையும் சொல்ல வந்ததைச் சொல்லாமல், "சாப்டியா, அங்க மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீயும் "சாப்டேன்மா, வைக்கவா" என்றாய். ஆறு வருஷமாக நம் இரண்டு பேருக்கும் இவ்வளவுதான் பேச்சு. அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷமாகப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அடுத்தவர் எழுதிக்கொண்டு வருவதைப் படித்துச் சரிபார்க்கிற வேலை எனக்கு. சொந்தமாக ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். சென்னையில் உன் கம்பெனிக்குள் முகாம் போட்டபோது எலும்பு மஜ்ஜை தானத்துக்கு நீ பெயர் கொடுத்திருந்தாய் என்பதே போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரியும். ஊர் பேர் தெரியாத ஒரு நோயாளிக்கு உன்னுடையது பொருந்துகிறது என்று இப்போது உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாய். அதன் பிறகு அக்கா சுகன்யாவுக்குப் போன் போட்டு, "அவுகளுக்கும் ஒனக்கு வந்த மாதிரி வந்துட்டா என்னக்கா பண்றது?" என்று கேட்டிருக்கிறாய். சுகன்யா அடுப்படியில் வந்து நின்று இதை எனக்குச் சொன்னாள். "நானும் எம்புட்டோ சொல்லிட்டேன்மா. அவன் கேக்க மாட்டேங்குறான். இது நான் பேசித் தீர்ற விஷயமில்ல. அது நீ சொன்ன வார்த்தை. நீதான் பேசணும்" என்றாள். சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னது சரி.

சுகன்யா வைத்தியம் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் குடும்பங்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள் இல்லையா, அதில் இந்தக் கடிதத்தைப் போடக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நீ படித்துவிட்டுச் சரி என்றால் மட்டும். அந்த வார்த்தையை நான் உன்னிடம் தனியாகச் சொல்லவில்லை. லிப்டுக்குப் பக்கத்தில், நாலு பேர் நிற்கிற இடத்தில் சொன்னேன். அதனால் இதையும் நாலு பேர் படிக்கும்படி சொல்வதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்குத் தெரிந்ததையும் திரும்ப எழுதியிருப்பேன். மற்றவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் அப்படி.

அப்போது உனக்கு இருபது வயது, இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். சுகன்யாவுக்கு இருபத்து நாலு. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தது, தொடையில் இடிபடாமலே கன்றிப்போன திட்டுகள், விட்டு விட்டுக் காய்ச்சல். பேங்க் பரீட்சைக்கு ராத்திரி பகலாகப் படிப்பதால் உடம்பு சூடு என்று நானே இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் அதில் போய்விட்டது. ரத்தப் பரிசோதனை செய்த அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றி நோயை ஒரு அளவுக்குக் கட்டுப்படுத்திவிட்டு, திரும்ப வராமல் இருக்க மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. உன் அப்பா, நான், நீ, மூன்று பேரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். எங்கள் இரண்டு பேருடையதும் பாதிதான் பொருந்தியது. உன்னுடையது முழுசாகப் பொருந்தியது. செய்தி வந்தபோது உன் அப்பா காளவாசல் பைக் உதிரிபாகக் கடையில் யாருக்கோ செயின் ஸ்பிராக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். அதைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு, வந்த வாடிக்கையாளரையும் நிற்க வைத்துவிட்டு, செருப்பில்லாமல் ரோட்டுக்கு வந்து எனக்குப் போன் போட்டார்.

உனக்கு ஐந்து நாள் ஊசி போட்டார்கள். ஊசி போட்டால் மஜ்ஜைக்குள் இருக்கிற ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்குள் இறங்கி வரும், அதை மெஷின் வைத்துப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள், எலும்பைத் துளைக்க வேண்டியதில்லை என்றார்கள். நீ கொடுத்த அன்று சாயங்காலமே அது ஒரு சிவப்புப் பையில் வந்து சுகன்யாவின் கழுத்துக் குழாய் வழியாக இறங்கியது. ரத்தம் ஏற்றுவது போலத்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். பதினெட்டாவது நாள் அவள் உடம்பில் புது வெள்ளை அணுக்கள் வர ஆரம்பித்துவிட்டன என்று சொன்னார்கள். உன் அப்பா வார்டில் இருந்த நர்சுகள் எல்லாருக்கும் அல்வா வாங்கி வந்து கொடுத்தார். நாங்கள் கோச்சடை வீட்டுக்குத் திரும்பி, சுவருக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்கு வலை போட்டு அவளைக் கொண்டுவந்து படுக்க வைத்தோம்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் உள்ளங்கை அரிக்கிறது என்றாள். பார்த்தால் மருதாணி வைத்த மாதிரி சிவந்திருந்தது. பிறகு பாதம், காதுக்குப் பின்னால், நெஞ்சு. மூன்றாம் நாள் வயிற்றோட்டம் ஆரம்பித்தது. சாதாரண வயிற்றோட்டம் இல்லை. குடிக்கிற தண்ணீரைவிட அதிகமாக வெளியே போனது. பச்சையாக, பிறகு ரத்தமும் சளியுமாக. திரும்ப அட்மிட் செய்தோம். நர்ஸ் ஒவ்வொரு தடவையும் அளவுக் குவளையில் அளந்து எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "தம்பி குடுத்த செல்லுல இருந்து வளர்ந்த வெள்ளை அணுக்கள், அக்கா ஒடம்ப அந்நியம்னு நெனச்சுத் தாக்குது. தோலு, குடல், ஈரல் மூணையும்தான் மொதல்ல தாக்கும்" என்றார். அவர் அதற்கு மேலும் ஏதோ சொன்னார். என் காதில் விழுந்தது அவ்வளவுதான். தம்பி கொடுத்தது தாக்குகிறது.

நான் வெளியே வந்தபோது நீ பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு லிப்டை விட்டு இறங்கினாய். "என்னம்மா சொன்னாக?" என்று கேட்டாய். நான், "நீ என்னத்தடா குடுத்த அவளுக்கு? ஓங்கிட்ட இருந்து போனதுதான் அவளத் தின்னுக்கிட்டு இருக்கு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டு வண்டி தள்ளி வந்த அம்மா நின்றுவிட்டாள். இரண்டு நோயாளிகளின் சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பா, "ஏத்தா, என்ன பேச்சு பேசுற" என்று என் கையைப் பிடித்தார். நீ பிளாஸ்கை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, லிப்ட் திறந்தே இருந்தும் அதில் ஏறாமல் படிக்கட்டு வழியாக இறங்கிப் போனாய்.

அது ஆத்திரத்தில் வாய் தவறி வந்தது என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. எது நடந்தாலும் முதலில் உன்னைக் கேட்பது என் பழக்கம். உனக்கு எட்டு வயதில், ஆற்றோர ரோட்டில் நீயும் அக்காவும் ஒரே சைக்கிளில் வந்து விழுந்தீர்கள். அவளுக்கு முகவாய்க்கட்டை கிழிந்து தையல் போட்டது. நீதான் மிதித்தாய் என்று நினைத்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே உன்னை அறைந்தேன். சைக்கிளை மிதித்தது அவள், பின்னால் உட்கார்ந்திருந்தது நீ, உன் சட்டையைக் கழற்றி அவள் முகவாயில் கட்டி ஆட்டோவை மறித்ததும் நீ என்று அவள் சொன்னது மறுநாள். "அதுனால என்ன, பொம்பளப் புள்ளைய மிதிக்க விட்டியா" என்று அதற்கும் உன்னைத்தான் கேட்டேன். நீ மூத்தவன் இல்லை, ஆனாலும் நீதான் பொறுப்பு என்று எனக்குள் எப்படியோ ஒரு கணக்கு இருந்தது. லிப்டுக்குப் பக்கத்தில் பேசியது அந்தக் கணக்குதான்.

படியிறங்கிப் போன நீ வீட்டுக்குப் போய்விட்டாய் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா என்னைத் திரும்பக் கூப்பிட்டார். அவர் அறையில் நீ உட்கார்ந்திருந்தாய். கண் சிவந்திருந்தது. டாக்டரம்மா நேராக என்னைப் பார்த்து, "ஒங்க மகன் வந்து, என்னோட செல்ல திரும்ப எடுத்துர முடியுமா டாக்டர்னு கேக்குறாரு. என்னம்மா நடந்துச்சு?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தானமாக எழுதிக் கொடுத்ததை நினைத்த நேரம் திரும்ப வாங்க முடியாது என்று என் ஆபீசில் வருகிறவர்களுக்குத் தினமும் சொல்கிறவள் நான். அதைவிடப் பெரிய தானத்தைக் கொடுத்தவன் திரும்ப எடுத்துக்கொள்ளக் கேட்கும்படி செய்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று அவர் சொன்னதை நீ எந்த அளவுக்குக் காதில் வாங்கினாய் என்று எனக்குத் தெரியாது. அதனால் திரும்ப எழுதுகிறேன். "அதக் கெட்ட செல்லுன்னு நெனைக்காதீங்க. அது நல்லா வேலை செய்யுது. அதான் பிரச்சனை" என்றார். நம் உடம்பில் இருக்கிற டி செல் என்கிற வெள்ளை அணு, தன்னுடைய ஆள் யார், வெளியாள் யார் என்று பார்த்துப் பழகியது. உன் உடம்பில் இருபது வருஷம் உன்னுடையதையே பார்த்துப் பழகியது திடீரென்று இன்னொரு வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. எவ்வளவுதான் பொருத்தம் என்றாலும் அக்காளும் தம்பியும் ஒரே உடம்பு இல்லை. அதனால் அவளுடைய குடலைப் பார்த்து வெளியாள் என்று நினைத்து அடிக்கிறது. அதே டி செல்தான், மருந்துக்குத் தப்பி எங்காவது ஒளிந்திருக்கிற புற்றுநோய் செல்லையும் தேடிப் பிடித்து அடிக்கிறது. "எல்லாத்தையும் மொத்தமா அழிச்சுட்டா வயித்தோட்டம் நிக்கும். ஆனா நோய் திரும்பி வந்துரும். அதுக அங்க இருக்கணும். ஆனா அடங்கி இருக்கணும்." இதுதான் அவர் சொன்ன வார்த்தை. நான் அதை என் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஒரு வாரம் பார்த்தார்கள், அடங்கவில்லை. அடுத்து ஒரு மாத்திரை. அதற்கும் அடங்கவில்லை, ரத்த அணுக்களின் எண்ணிக்கைதான் இறங்கியது. அவள் முப்பத்தைந்து கிலோவுக்கு வந்துவிட்டாள். தோல் உரிந்து மெத்தை விரிப்பில் ஒட்டியது. அப்போதுதான் டாக்டரம்மா இன்னொரு வழி இருக்கிறது என்றார். மீசென்கைமல் ஸ்ட்ரோமல் செல். நான் நர்சை மூன்று தடவை சொல்லச் சொல்லித் தமிழில் எழுதிக்கொண்டேன். அவர்கள் சுருக்கமாக எம்.எஸ்.சி. என்பார்கள். எலும்பு மஜ்ஜைக்குள் ரத்த அணுக்கள் பிறந்து வளர்வதற்குப் படுக்கை போல இருக்கிற செல்கள். அவை ரத்தமாக மாறாது. ஆனால் பக்கத்தில் இருக்கிற அணுக்களோடு பேசிக்கொண்டே இருக்கும். யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்த மஜ்ஜையிலிருந்து எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, உறைய வைத்திருப்பார்கள். இங்கே இன்னும் ஆராய்ச்சியாகத்தான் தருகிறார்கள், பலிக்கும் என்று உறுதி இல்லை, சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

யாரோ ஒருவருடையது எதற்கு, என்னுடையதை எடுங்கள் என்றேன். பெற்றவள் இருக்கும்போது என்று ஏதோ பேசினேன். "இதுக்குப் பொருத்தம் பாக்க வேண்டியதில்லம்மா. இந்தச் செல்ல மத்த அணுக்கள் அம்புட்டாக் கண்டுக்காது. ஒங்களோடத எடுத்து வளர்க்க வாரக்கணக்காகும். அம்புட்டு நாள் அவகிட்ட இல்ல" என்றார். நீ சுவரோரம் நின்றுகொண்டிருந்தாய். "இதுவும் போய் அவளத் தாக்காதுல்ல டாக்டர்?" என்று கேட்டாய். அவர் உன்னை உட்காரச் சொல்லி, ஒரு காகிதத்தில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார். இது யாரையும் தாக்காது. சண்டை நடக்காத இடத்தில் சும்மா இருக்கும். உன் டி செல்கள் கோபத்தில் வெளியே விடுகிற ரசாயனம் மேலே பட்டால்தான் இது முழித்துக்கொள்ளும். முழித்ததும் டி செல் பெருகத் தேவையான ஒரு சத்தை இது தின்று தீர்த்துவிடும். அந்தச் சத்து இல்லாமல் அவை மேலே மேலே பெருக முடியாது. அடுத்து, இது தன் பங்குக்குச் சில ரசாயனங்களை விடும். விழுங்கும் அணுக்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அதுவரை சண்டையைத் தூண்டிக்கொண்டிருந்த அந்தக் கூட்டம், இந்த ரசாயனம் பட்டதும் புண்ணை ஆற்றுகிற பக்கம் சாயும். டி செல்களுக்குள்ளேயே மற்றதை அடக்குகிற வகை ஒன்று உண்டு, அதன் எண்ணிக்கை கூடும். நீ, "அப்ப அக்கா ஒடம்புல இது எப்பவும் இருக்குமா?" என்றாய். "இல்லப்பா. முக்கால்வாசி நுரையீரல்லயே தங்கிரும். கொஞ்ச நாள்ல செத்துப்போயிரும். செத்தத விழுங்குற அணுக்களும் குணம் மாறுது. அதுனால அது போனப்புறமும் வேலை நடக்குது. எல்லாம் எங்களுக்கே இன்னும் முழுசாப் புரியல" என்றார். ஒரு டாக்டர் தனக்குப் புரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனாலேயே நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

பால் கேன் மாதிரி ஒரு பாத்திரத்தில் வந்தது. மூடியைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை வழிந்தது. சின்னப் பை, கலங்கிய நீர் போல. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கி, உடனே ஏற்றினார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உறைய வைக்கும்போது சேர்க்கிற மருந்தின் வாடை அவள் மூச்சில் வந்து, அறை முழுவதும் பூண்டு உரித்த மாதிரி இருந்தது. "ம்மா, யாரு இங்க ஊறுகா போடுறது?" என்றாள் சுகன்யா. பத்து நாளைக்குப் பிறகு அவள் முழுசாகப் பேசிய வாக்கியம். வாரத்துக்கு இரண்டு தடவை ஏற்றினார்கள். முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவது வாரக் கடைசியில் நர்ஸ் குவளையைப் பார்த்துவிட்டு எழுதாமல் நின்றாள். திரும்ப அளந்தாள். பாதியாகக் குறைந்திருந்தது. நான்காவது வாரம் ஒரு இட்லி கேட்டாள். பிட்டுப் பிட்டு ஊட்டினேன். அது வயிற்றில் தங்கியது.

இதையும் சொல்ல வேண்டும். அதே வாரத்தில் பக்கத்து அறையில் திண்டுக்கல் பக்கத்து ஆள் ஒருவர், வாத்தியார், அதே நோய்க்கு அதே செல்லை ஏற்றிக்கொண்டார். அவருக்குக் கேட்கவில்லை. அவர் மனைவி காலிசெய்து போகும்போது, மிச்சமிருந்த டயப்பர் கட்டை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நமக்குக் கேட்டதற்கும் அவர்களுக்குக் கேட்காததற்கும் காரணம் யாருக்கும் தெரியாது. இப்போதும் யாராவது எனக்குப் போன் செய்து, மூட்டு வலிக்கு ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்களாம், சர்க்கரைக்குப் போடுகிறார்களாம், உங்க பொண்ணுக்குப் போட்டதுதானே, போகலாமா என்று கேட்கிறார்கள். எனக்கு ஒரு நோயில் ஒரு பெண்ணுக்கு நடந்தது மட்டும்தான் தெரியும், மற்றதைத் தெரிந்த டாக்டரிடம் கேளுங்கள், விளம்பரத்தைப் பார்த்துப் போகாதீர்கள் என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

அவள் தேறிய பிறகு எடுத்த பரிசோதனையை டாக்டரம்மா காட்டியபோது நீ கல்லூரிக்குத் திரும்பியிருந்தாய். அதனால் அவர் சொன்னது உனக்கு நேராக வந்து சேரவில்லை. உன்னுடைய அணுக்களை அழித்துவிட்டு அவளைப் பிழைக்க வைக்கவில்லை, அருண். அவள் ரத்தம் முழுவதும் உன்னுடையது. ஓ பாசிட்டிவாக இருந்தவள் இப்போது உன்னைப் போல பி பாசிட்டிவ். புற்றுநோய் இதுவரை திரும்பி வரவில்லை. வராமல் பார்த்துக்கொள்வது நீ கொடுத்ததுதான், அவை அங்கேயே இருக்கின்றன, அடங்கி இருக்கின்றன என்றார். புது ரத்தம் என்பதால் பிறந்த குழந்தைக்குப் போடுகிற தடுப்பூசி எல்லாம் அவளுக்குத் திரும்பப் போட வேண்டியிருந்தது. இருபத்தாறு வயதுப் பெண்ணை அழைத்துப் போய்க் குழந்தைகள் வரிசையில் நான் உட்கார வைத்ததை அவள் உனக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பாள். கண் மட்டும் வறண்டுபோகிறது, நாளுக்கு ஆறு தடவை சொட்டு மருந்து விடுகிறாள். முழங்கையில் தோல் கொஞ்சம் இறுகிக் கிடக்கிறது. அதோடு தினமும் சிம்மக்கல்லுக்குப் பஸ் ஏறி வேலைக்குப் போய் வருகிறாள்.

அந்த அறிக்கையைப் பார்த்த அன்றே உனக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புள்ளைகிட்ட என்ன மன்னிப்பு, அவன் மறந்திருப்பான் என்று இருந்துவிட்டேன். பொங்கலுக்கு வந்தாய், தீபாவளிக்கு வந்தாய், எனக்குப் பிடித்த மாதிரி சேலை எடுத்து வந்தாய். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். நீ மறக்கவில்லை என்பது இப்போது அக்காவிடம் நீ கேட்ட கேள்வியில் தெரிந்துவிட்டது. நான் சொன்னது தப்பு. தகவலாகவும் தப்பு, தாயாகவும் தப்பு. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி உன் முடிவுக்கு வருகிறேன். கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நீ பயப்படுவது நடக்கலாம். அந்த நோயாளிக்கும் உன் அணுக்கள் போய்ச் சண்டை போடலாம். அது வராமல் இருக்க முதலிலிருந்தே மருந்து கொடுப்பார்கள், அப்படியும் வந்தால் அடக்குவதற்கு இப்போது ஒன்றுக்கு இரண்டு வழி இருக்கிறது. எதுவும் கேட்காமலும் போகலாம். அப்படிப் போனால் அது உன் குற்றம் இல்லை. உன்னுடையது கிடைக்காவிட்டால் அவருக்கு என்ன ஆகும் என்று அவருடைய டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் உன்னிடம் கேட்கிறார். அதை நீயும் கணக்கில் சேர்த்துக்கொள். முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு, அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் சரி என்று சொல்லிவிட்டு, அவருடைய பழைய மஜ்ஜையை மருந்து வைத்து அழித்த பிறகு பின்வாங்காதே. அந்த நிலையில் ஒரு ஆளுக்கு வேறு போக்கு இருக்காது. அந்த நாட்களில் சுகன்யாவை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. போன வருஷம் சுகன்யாவைச் செக்கப்புக்குக் கூட்டிப் போனபோது, உனக்கு மெஷின் போட்ட நர்ஸ் என்னை அடையாளம் கண்டு பேசினாள். உன் இரண்டு கையிலும் ஊசி குத்தி, ஐந்து மணி நேரம் கையை மடக்கக் கூடாது என்று படுக்க வைத்திருந்தார்களாம். உதடெல்லாம் மதமதத்துப் போனது என்றாயாம். மூக்கு அரித்தபோது, கூட்டிப் பெருக்க வந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொறிந்துவிடச் சொன்னாயாம். "அம்மா கீழ வருவாகளா?" என்று இரண்டு தடவை கேட்டாயாம். நான் ஒரு மாடி மேலே சுகன்யாவோடு இருந்தேன். அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். உன் அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி வந்திருக்கலாம். உனக்கு ஒன்றும் இல்லை, நீ நல்லா இருக்கிற பிள்ளை என்று இருந்துவிட்டேன். இறங்கி வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீ சரி என்று சொன்னால், தேதியை எனக்குச் சொல். எத்தனை நாளோ அத்தனை நாள் லீவு போட்டுவிட்டு முதல் நாளே சென்னைக்கு வந்துவிடுகிறேன். மெஷின் ஓடுகிற ஐந்து மணி நேரமும் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் கேட்டால் வாயில் ஊற்றுவேன். பேச வேண்டாம் என்றால் பேசாமல் இருப்பேன். முடியாது என்று சொன்னாலும் வாரேன். ஆஸ்பத்திரிக்குப் பதில் உன் அறையில் உன்னோடு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா
கோச்சடை, மதுரை